சாப்பாட்டில் கலக்கும் மருந்து வேண்டாம்

கேள்வி: என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் இரவில் குடிப்பார். போதையில் வண்டி ஓட்டியதாக இரண்டாவது முறை வழக்குப் பதிவாகியிருக்கிறது. காலையில்தான் பிடித்தார்கள், அப்போது குடிக்கவே இல்லை என்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மருந்து உண்டாமே, வாங்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. இப்படி ரகசியமாகத் தரப்படும் மருந்துகளில் டைசல்பிரம் இருக்கக்கூடும். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் நோயாளியிடம் விளக்கி, அவருடைய சம்மதம் பெற்று, இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பிறகே அதைத் தருகிறார்கள்.

அவர் காலையில் குடிக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் பிடிபட வாய்ப்புண்டு. சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் மட்டுமே. பெரும்பாலோருக்கு இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம்தான் குறையும் என்பதால், இரவு 11 மணிக்கு 180 இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் வரம்பைத் தாண்டியே இருக்கும். மோரோ காப்பியோ குளியலோ இதை விரைவுபடுத்தாது.

மறுமுறை குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் அபராதம் கட்டுவதால் குடிநோய் தீராது. இரண்டாவது வழக்குக்குப் பிறகாவது சிகிச்சை தொடங்கியாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அதற்காக, "இன்றோடு நிறுத்துங்கள்" என்று வீட்டிலேயே கட்டாயப்படுத்தாதீர்கள். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம் வரும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் ஏற்படலாம். மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் உரிய மருந்துகளும் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார்கள். பிறகு ஆலோசனையும் குடிவேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் தொடர வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுவார்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். தொடக்க நாட்களில் தரப்படும் மருந்துகள் தூக்கம் தருபவை. ஆகவே மருத்துவர் சொல்லும் வரை வேறொருவர் அந்த வண்டியை ஓட்ட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.