சில ரூபாய் விளக்கில் பிளாங்க் மாறிலி

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். எல்.இ.டி. விளக்கை வைத்து, ஒளித்துகளின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியை அளக்கலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாணவர்களோடு செய்து பார்த்தோம். சிவப்பு விளக்கு 1.6 வோல்ட்டிலும் நீலம் 2.3 வோல்ட்டிலும் ஒளிரத் தொடங்கின. கடையில் சொன்ன அலைநீளம் 630, 470 நானோமீட்டர். கணக்குப் போட்டால் சிவப்புக்கு 5.4, நீலத்துக்கு 5.8 வருகிறது (எல்லாம் × 10⁻³⁴ ஜூல்-வினாடி). வரவேண்டியது 6.63. ரெக்கார்டு நோட்டில் 6.6 என்றே எழுதிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தவிர, இந்த மாறிலியின் மதிப்பை 2019-இல் நிரந்தரமாக நிர்ணயித்துவிட்டார்களே, அதை இனி நாம் அளப்பதில் என்ன பயன்?

ஓர் இயற்பியல் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

6.6 என்று எழுத வேண்டாம். 5.4, 5.8 என்றே எழுதச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் எடுத்த அளவுகள் நல்ல அளவுகள். கணக்குப் போட்ட விதத்தில்தான் சிக்கல்.

விளக்கு எந்த வோல்ட்டில் ஒளிரத் தொடங்குகிறது என்பதற்குக் கறாரான எல்லை கிடையாது. மின்னோட்டம் படிப்படியாகத்தான் ஏறும். ஒளித்துகளின் ஆற்றலுக்குச் சமமான மின்னழுத்தம் வருவதற்கு முன்பே மங்கலாக வெளிச்சம் தெரிந்துவிடும், ஏனென்றால் மீதி ஆற்றலை வெப்பம் கொடுத்துவிடுகிறது. ஆகவே நீங்கள் படித்த வோல்ட் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்று தெரியாது. ஆனால் இரண்டு விளக்குக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவு என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அது போய்விடும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மின்னழுத்த வேறுபாடு 0.7 வோல்ட். அதிர்வெண் வேறுபாடு 1.62 × 10¹⁴ ஹெர்ட்ஸ். முதலாவதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கி இரண்டாவதால் வகுத்தால் 6.9 × 10⁻³⁴ வருகிறது. தனித்தனியாகப் பார்த்தபோது பத்தொன்பது விழுக்காடு வரை தள்ளி நின்றது, இப்போது ஐந்துக்குள் வந்துவிட்டது. இரண்டே புள்ளி என்பதால் இதில் அதிர்ஷ்டமும் உண்டு. சிவப்பும் நீலமும் வேறு வேறு பொருளால் செய்யப்பட்டவை, குறைவு சரிசமமாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நாலைந்து நிறம் வாங்கி வரைபடம் போட்டு, கோட்டின் சாய்வை எடுங்கள். வெள்ளை விளக்கு மட்டும் வேண்டாம். அது நீல விளக்கின் மேல், நீல ஒளியை வாங்கி வேறு நிறங்களில் ஒளிரும் பாஸ்பர் பூசியது.

கண்ணால் பார்த்து முடிவு செய்வதையும் விட்டுவிடுங்கள். விளக்கோடு தொடராக 10 கிலோஓம் மின்தடையை வையுங்கள். அதன் குறுக்கே 1 வோல்ட் வரும்வரை மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஓடுவது 100 மைக்ரோஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் இதே மின்னோட்டத்தில் வோல்ட்டைக் குறியுங்கள். இதைவிடக் குறைந்த மின்னோட்டம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மலிவு மல்டிமீட்டர்கள் பலவற்றின் உள்மின்தடை 1 மெகாஓம்தான். 2 வோல்ட்டை அளக்கும்போது மீட்டரே 2 மைக்ரோஆம்பியரை இழுத்துக்கொள்ளும். 100-இல் 2 போனால் பரவாயில்லை, 10-இல் 2 போனால் கணக்கு கெட்டுவிடும். அலைநீளத்துக்குக் கடைக்காரரை நம்பவும் தேவையில்லை. பழைய சி.டி.யின் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதையே ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியாக வைத்து அளந்துவிடலாம்.

தெரியாத ஒன்றை அளக்க முடியாவிட்டால், அது தானே விலகிப்போகும்படி சோதனையை அமைப்பது. மலிவான கருவியில் மாறிலியை அளப்பதன் மொத்தக் கலையும் இதுதான் என்று நினைக்கிறேன். 1798-இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்தபோது, குண்டுகள் மாட்டிய தண்டைத் தாங்கிய மெல்லிய கம்பி முறுக்கத்தை எவ்வளவு எதிர்க்கும் என்று நேரடியாக அளக்க வழியில்லை. தண்டை ஆடவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தார். அதிலிருந்தே கம்பியின் விறைப்பு கிடைத்துவிட்டது. பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்றார். இன்றைய மதிப்பு 5.51.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 1975-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிப்பிள் ஒரு தராசை யோசித்தார். காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தி எடையைத் தாங்கச் செய்வது முதல் வேலை. அதே சுருளை அதே புலத்தில் நகர்த்தி, உண்டாகும் மின்னழுத்தத்தை அளப்பது இரண்டாவது. புலத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் இரண்டிலும் ஒன்றாகவே வருவதால் கணக்கிலிருந்து கழன்றுவிடுகின்றன. மின் அளவுகள் பிளாங்க் மாறிலியோடு பிணைந்தவை என்பதால், முன்பு இந்தத் தராசில் கிலோகிராம் கட்டியை வைத்து பிளாங்க் மாறிலியை அளந்தார்கள். 2019 மே 20 முதல் மாறிலி நிலையானது, அதை வைத்து எடையைக் காண்கிறார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தினர் இதே தராசை லெகோ துண்டுகளால் கட்டி, சில கிராம் எடையை ஒரு விழுக்காடு துல்லியத்தில் காண முடியும் என்று 2015-இல் எழுதினார்கள்.

வோல்ட் என்ற அலகும் இன்று அந்த மாறிலியோடு பிணைந்ததுதான். ஆகவே உங்கள் வரைபடம் 6.63-லிருந்து விலகினால், அந்த விலகல் உங்கள் மீட்டரையும் விளக்கையும் முறையையும் பற்றிச் சொல்கிறது. பிள்ளைகள் அந்த விலகலுக்குக் காரணம் தேடி எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

அடுத்து, வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியை அளந்து பாருங்கள். ஒரு சாதாரண பி.சி. 547 டிரான்சிஸ்டர் போதும். பேஸையும் கலெக்டரையும் இணைத்துவிட்டு, மின்னோட்டத்தைப் பத்து மடங்கு கூட்ட எத்தனை மில்லிவோல்ட் கூட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அறை வெப்பத்தில் ஏறக்குறைய 60 வரும். பனிக்கட்டி நீரில் குறையும், வெந்நீரில் கூடும். டிரான்சிஸ்டரை எண்ணெய் ஊற்றிய சோதனைக்குழாயில் இறக்கி, தெர்மாமீட்டரின் குமிழ் அதை ஒட்டியே இருக்கும்படி வையுங்கள். மின்னோட்டம் 1 மில்லிஆம்பியரைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் டிரான்சிஸ்டர் தானே சூடாகத் தொடங்கும்.

அன்புடன்.