எங்கள் நடேசன் பூங்கா

கேள்வி: உங்கள் பகுதிப் பூங்காவுக்கு யாருடைய பெயர்? அவர் யார் என்று தெரியுமா?

தி.நகர் வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்கா. ஆட்டோக்காரரிடம் "திருப்பதி தேவஸ்தானம் கிட்ட" என்று சொன்னால் இறக்கிவிடுவார். தினமும் காலையில் அங்கேதான் நடக்கிறேன். நடேசன் யார் என்று பல வருஷம் கேட்கத் தோன்றவில்லை. கூட நடக்கும் பெரியவர்தான் ஒருநாள் சொன்னார்: "டாக்டர்ப்பா அவர். ஊர்லேர்ந்து படிக்க வந்த பசங்களுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்தவர்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் ஊரிலிருந்து படிக்க வந்தவன்தான். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடியறைக்குக் கேட்டுப் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "தம்பி நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். சொன்னேன். "வேற ஒருத்தருக்குப் பேசிட்டோமே" என்றார்கள். மறுநாள் அந்த வழியாகப் போகிறேன், டு-லெட் அட்டை அதே ஆணியில் தொங்குகிறது. அப்புறம் ஒரு மேன்ஷனில் மூன்று பேரோடு நாலாவதாக ஒண்டிக்கொண்டேன்.

அதே திருவல்லிக்கேணியில் பிறந்தவர் டாக்டர் சி. நடேசனார் (1875-1937). அந்தக் காலத்தில் பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சென்னையில் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைப்பது பெரும்பாடு. பேசிக்கொண்டே இருக்காமல் அவர் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதியையே நடத்தினார். 1912-ல் பிராமணரல்லாதாருக்கான சென்னை ஐக்கியக் கழகத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் முக்கியமானவர். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமல் இருந்த பிராமணரல்லாதார் தலைவர்களான தியாகராயரையும் டி.எம். நாயரையும் பேசிச் சேர்த்து வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. அவர்கள் சேர்ந்ததில் 1916-ல் பிராமணரல்லாதாருக்கான நீதிக்கட்சி பிறந்தது. தியாகராயர் பெயரில் ஒரு நகரே இருக்கிறது, நாயர் பெயரில் சாலை இருக்கிறது. நடேசனாருக்கு மரநிழலும் உட்கார பெஞ்சும் உள்ள இடம் கிடைத்ததில் எனக்குத் தனி சந்தோஷம். அவருக்குப் பொருத்தமானதும் அதுதான்.

போன மாதம் ஒரு பையன் குரூப் 2 கைடை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திண்டிவனம் பக்கமாம். "பேச்சிலர்னா வீடு கிடையாதுங்கறாங்க சார், ஜாதி வேற கேக்கறாங்க" என்றான். என் பழைய மேன்ஷன் இருக்கும் தெருவை எழுதிக் கொடுத்தேன். சரி, இதையும் சொல்லலாம் என்று நடேசனார் கதையை ஆரம்பித்தேன். கைடை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.