கொக்கி உள்ளே போகட்டும்

கேள்வி: கீழே கார் நிறுத்த இடம் விட்டு, மேலே இரண்டு மாடி கட்டுகிறோம். பில்லர் ரிங்கின் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின்) கொக்கியை 135 டிகிரிக்கு மடக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கிறது. கம்பி கட்டுபவரோ, "மதுரைப் பக்கம் ஏதுங்க பூகம்பம்? நாங்க எல்லா வேலைக்கும் 90 டிகிரிதான் மடக்குறோம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வரைபடத்தின் பேச்சை. கம்பி கட்டுபவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. நிலநடுக்கத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பில் மதுரை இரண்டாம் நிலநடுக்க மண்டலம், ஆபத்து குறைந்த வரிசை. 135 டிகிரி கேட்கும் இன்னொரு விதிநூலான ஐ.எஸ். 13920 மூன்றாம் மண்டலத்திலிருந்துதான் கட்டாயம். கோயம்புத்தூர் அதில் வரும், நாம் வரமாட்டோம்.

ஆனாலும் மடக்கச் சொல்லுங்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பைத் தோகையால் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தோகையின் நுனியை முறுக்கி உள்ளே செருகாமல் விட்டால், வண்டி இரண்டு குலுங்கு குலுங்கியதும் கட்டு அவிழ்ந்துவிடும். ரிங்கும் அப்படித்தான். நடுக்கத்தில் பில்லரின் மேல்தோல் கான்கிரீட் முதலில் உதிரும். 90 டிகிரி கொக்கியைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். தோல் போனால் ரிங் வாயைத் திறக்கும், நெடுக்குக் கம்பி பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கும். 135 டிகிரி கொக்கியின் வால் உள்ளிருக்கும் கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடப்பதால் திறக்காது. 8 மி.மீ. ரிங்குக்கு வால் 65 மி.மீ. இருக்கட்டும். பீமைத் தொடும் இடங்களில், மேலும் கீழும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு, ரிங் இடைவெளி 4 இன்ச்சைத் தாண்ட வேண்டாம். கொக்கிகள் எல்லாம் ஒரே மூலையில் வரிசை கட்டி நிற்கவும் கூடாது. பலகை அடைப்பதற்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். அடைத்த பிறகு யாரும் காட்டமாட்டார்கள்.

1991-ல் நான் கட்டிய என் சொந்த வீட்டில் 90 டிகிரிதான். ஐ.எஸ். 13920 வந்தது 1993-ல் என்று சாக்கு சொல்லலாம். உண்மையில் மேஸ்திரியோடு மல்லுக்கட்டச் சோம்பல்.

சரி, கொக்கியை விட என்னை உறுத்துவது உங்கள் கார் நிறுத்தம். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தில் பூஜ் நடுக்கம் வந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் வெறும் பில்லர் மட்டும் நின்றவை. மேலே செங்கல் சுவர்கள் இறுக்கமாக இருக்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளப் பில்லர்களே தாங்க வேண்டியதாயிற்று. கார் நுழையாத பக்கங்களில் சுவர் எழுப்பலாமா, மாடிப்படியை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் வைக்கலாமா என்று வரைபடம் போட்டவரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அஸ்திவாரம் முடிவாகும் முன்பே கேட்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி: முறுக்குக் கம்பியில் 500, 500டி என்கிறார்களே, அந்த 'டி' எதற்கு?
– வாசகர், மேலூர்

பதில்: அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பதற்கு. 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். இழுத்தால் கம்பி திரும்பாமல் நீளத் தொடங்கும் பலம் இரண்டுக்கும் ஒன்றுதான். நான் 'டி' வாங்குவேன்.