இங்கிலாந்துக் கிராமத்து பாரிஷ்: பழைய ஏடும் இன்றைய கூட்டமும்

கேள்வி: பாரிஷ் என்பது தேவாலய எல்லையா, உள்ளாட்சி எல்லையா?

பதில்: இரண்டும் உண்டு, இன்று ஒன்றோடொன்று பொருந்தாமலும் இருக்கலாம். முன்பு தேவாலயத்து வெஸ்ட்ரி கூட்டமே (பாரிஷ் மக்கள் கூடும் கூட்டம்) ஊர்க் காரியங்களையும் பார்த்தது. 1894 சட்டம் ஊர்ப் பொறுப்பைத் தனியே பிரித்தது. அதற்கு முந்தைய ஊர்க் கணக்குக்கு வெஸ்ட்ரி குறிப்பேட்டைக் கேளுங்கள்.

கேள்வி: தேவாலயப் பதிவேட்டில் திருமணம் 1731 ஏப்ரல், குழந்தையின் ஞானஸ்நானம் 1731 பிப்ரவரி. திருமணத்துக்கு முன்பே பிறந்த குழந்தையா?

பதில்: இல்லை. 1751 வரை அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே அந்த பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது. நம் கணக்கில் 1732. 1731/32 என்றே குறித்துவையுங்கள். 1732 என்று மட்டும் எழுதினால், பின்னால் வருபவர் அதையும் திருத்தி 1733 ஆக்கிவிடுவார்.

கேள்வி: 1780-இல் ஒரு கூலிக் குடும்பத்தை பாரிஷை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். என்ன குற்றம் செய்தார்கள்?

பதில்: எதுவுமில்லை. ஏழைகளுக்கான உதவி அந்தந்த பாரிஷின் வரியிலிருந்தே போனது. அதனால் 1662 சட்டப்படி, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறியவர் சுமையாவார் என்று தோன்றினாலே, குடியுரிமை (ஏழை உதவி கேட்கும் உரிமை) உள்ள ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். மணமாகாதவர் ஒரே பாரிஷில் முழு ஆண்டு வேலைக்கு இருந்தால் உரிமை கிடைக்கும். அதைத் தவிர்க்கவே சில பண்ணையார்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். மனைவிக்குக் கணவனின் ஊர்; மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பிறந்த ஊர். கர்ப்பிணிப் பெண்களை எல்லைக்கு அப்பால் துரத்திய கொடுமைக்கு இதுவே காரணம்.

வெளியேற்ற ஆணையோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன் எடுக்கப்பட்ட விசாரணை வாக்குமூலத்தைத் தேடுங்கள். எங்கே பிறந்தார், யாரிடம் எவ்வளவு கூலிக்கு இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதத் தெரியாத ஒரு கூலியாளின் வாழ்க்கை வேறெங்கும் இவ்வளவு விரிவாகக் கிடைப்பது அரிது. ஆணையின் பிரதி அனுப்பிய ஊர், பெற்ற ஊர் இரண்டின் ஆவணப் பெட்டகத்திலும் இருக்கலாம். மேல்முறையீடு நடந்திருந்தால் காலாண்டு நீதிமன்ற ஆவணங்களையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பாரிஷுக்கு தசமபாக வரைபடமே (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குத் தரவேண்டிய நிலங்களின் படம்) இல்லையே?

பதில்: இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸா? அங்கே பல ஊர்களில் பொதுநிலத்தை வேலியடைத்துப் பிரித்தபோதே தசமபாகத்துக்கு ஈடாக நிலம் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். நிலப் பிரிவினைத் தீர்ப்பைத் தேடுங்கள்.

கேள்வி: வியாழக்கிழமை பாரிஷ் கவுன்சில் (ஊர் உள்ளாட்சி மன்றம்) கூட்டத்துக்குத் திங்களன்று அறிவிப்பு ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. முழுதாக மூன்று நாள் வேண்டும். ஒட்டும் நாள், கூட்ட நாள், ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. உங்களுக்குக் கிடைப்பது செவ்வாய், புதன் மட்டுமே. வெள்ளிக்கிழமையே ஒட்டிவிடுங்கள். நிகழ்ச்சிநிரலில் இல்லாத செலவை அங்கே முடிவுசெய்யவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வர வேண்டும். எவ்வளவு சிறிய கவுன்சிலானாலும் மூவருக்குக் குறையக்கூடாது.