ஏரிக்கரையில் எழுத்துக் கல் கிடக்கிறது. பகுதி வரலாற்றுக் குழு ஒன்று உருப்படியாக என்ன செய்யலாம்?

கேள்வி: பெங்களூரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் எழுத்து வெட்டிய கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. தமிழ் போலத் தெரிகிறது. பகுதியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வரலாற்றுக் குழு தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மாதம் ஒரு மரபு நடை போவதைத் தாண்டி இப்படி ஒரு குழு என்ன செய்ய முடியும்?

பதில்:

"மரபு நடையைத் தாண்டி" என்று கேட்டீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நடை கூடாது என்று சொல்ல வரவில்லை. புதிய ஆட்கள் குழுவுக்குள் வருவதே அதன் வழியாகத்தான். ஆனால் வருடம் பன்னிரண்டு நடை போய், ஆயிரம் படம் எடுத்து, கடைசியில் ஒரு கல்லின் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத குழுக்கள் இந்த ஊரில் அதிகம். குழுவின் முதல் வேலை பதிவேடு. மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

நீங்கள் வேலைக்காகப் பெங்களூர் வந்து, கன்னடம் பேச வந்தாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கன்னடம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேராவது இல்லாமல் தொடங்காதீர்கள். தொல்லியல் துறைக்குப் போகும் கடிதம், ஊர்ப் பெரியவரிடம் பேச்சு, கல்லில் பாதி கன்னடமாக இருந்தால் வாசிப்பு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும்.

ஏரிக்கரையில் தமிழ்க் கல் கிடப்பதில் வியப்பில்லை. காடுகோடி காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. 1043ஆம் ஆண்டினது. பட்டந்தூர் ஏரி வெட்டியதைச் சொல்கிறது. தோம்லூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகள் அந்த ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற மறுபெயரோடு குறிக்கின்றன. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலம் பேசப்படுகிறது. பேகூரிலோ ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல் "பெங்களூர்ச் சண்டை" என்று ஊரின் பெயரையே சொல்லிவிடுகிறது. ஊருக்குப் பெயர் வந்தது வெந்த பயறு கொடுத்த கிழவியால் என்ற கதையை இன்னும் மேடையில் சொல்பவர்கள் ஒருமுறை பேகூர் போய் வரலாம்.

உங்கள் கல்லுக்கு வருகிறேன். முதலில், தோண்டாதீர்கள். பாதி புதைந்திருப்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இவ்வகைக் கற்களில் அடியில் கணிசமான பகுதி நடுவதற்கென்றே எழுத்தில்லாமல் விடப்பட்டிருக்கும். பல சமயம் தோண்டினாலும் கிடைப்பது வெறும் கல்தான். குழி வெட்டியதும் மழைநீர் தேங்கும், மண் இளகும், கல் சாயும். அடியில் பானை ஓடு கிடந்தால் அது எந்த ஆழத்தில் கிடந்தது என்ற சான்றும் போகும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 100 ஆண்டு தாண்டிய கல்வெட்டு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மண்ணுக்குள் புதைந்து கிடந்து வெளிப்படும் மதிப்புள்ள பொருளைப் பற்றிப் புதையல் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் கையால் அகற்றுங்கள். மீதி வரிகளைத் துறை ஆள் வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்யத் தண்ணீரும் மென்மையான நார்ப் பிரஷும் போதும். கம்பிப் பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் கூடாது. பாசி காய்ந்து ஒட்டியிருந்தால் பத்து நிமிடம் நனைத்துவிட்டு மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். மஞ்சள், எண்ணெய் பூசி யாராவது கும்பிடுகிறார்கள் என்றால் அவர்களிடம் கேட்காமல் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். சுண்ணாம்பும் பெயின்டும் ஏறியிருந்தால் உங்கள் வேலை படத்தோடு நின்றுவிட வேண்டும்.

எழுத்து தெளிவாகத் தெரியக் கல்லில் போடும் சாக்பீஸ் கோடு, மைதா, திருநீறு இவற்றைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "அந்தக் காலத்திலிருந்து இப்படித்தானே படிக்கிறோம்" என்பார்கள். மாவு பூசிப் படித்தவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு போடுகிறவர் கல்லில் இருப்பதை எழுதுவதில்லை. தான் படித்ததை எழுதுகிறார். அவர் "வ" என்று நினைத்த இடத்தில் "ப" இருந்தால், படத்தைப் பார்க்கும் அடுத்த நூறு பேரும் "வ" என்றுதான் படிப்பார்கள். மாவு பள்ளத்தில் தங்கி எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும்.

அதற்குப் பதில் சாய்ந்த வெளிச்சம். எழுத்து தெரிவது நிழலால்தான். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடித்தால் நிழல் செத்துவிடும். கல்லின் முகத்தை ஒட்டினாற்போல் பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். இருட்டியபின் ஒருவர் எல்.இ.டி. டார்ச்சோடு பக்கவாட்டில் நிற்க, இன்னொருவர் முக்காலியில் போனை வைத்து இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்க வெளிச்சத்திலும் தனித்தனியே எடுக்கட்டும். படுக்கைக் கோடுகள் மேல் வெளிச்சத்தில் தெரியும், நெடுங்கோடுகள் பக்க வெளிச்சத்தில் தெரியும். ஒரே படத்தை நம்பினால் பாதி எழுத்து போய்விடும். பகலில் எடுப்பதானால் கிழக்குப் பார்த்த கல்லுக்குக் காலை, மேற்குப் பார்த்ததற்கு மாலை. வடக்கு நோக்கிய கல்லில் வருடத்தில் ஏறத்தாழப் பாதி நாள் வெயிலே விழாது. ஒன்றரை அடி முகம்பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைச் சாய்வாகத் திருப்பி விடுங்கள். இதற்கு ஈடான விளக்கைக் கடையில் வாங்க முடியாது.

முப்பரிமாணப் பதிவு, அதாவது பல படங்களைச் சேர்த்துக் கணினியில் கல்லின் மாதிரி உருவம் எடுப்பது, செய்ய ஆசையிருந்தால் மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மீட்டர் உயரக் கல்லுக்கு 80 முதல் 100 படம். ஒவ்வொன்றும் முந்தைய படத்தோடு 70 விழுக்காடாவது மேற்படிய வேண்டும். இரண்டு மூன்று உயரங்களில் சுற்றி வரவேண்டும். நடுவில் ஜூம் மாற்றினாலோ, உங்கள் நிழல் கல்லில் விழுந்து நகர்ந்தாலோ மாதிரி குழம்பும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் போதுமானது. என்விடியா கார்டு உள்ள கணினி வேண்டும். அளவுகோல் இரண்டை எதிரெதிர் பக்கங்களில் வைத்து எடுக்காவிட்டால் அழகான மாதிரி கிடைக்கும், அளவு கிடைக்காது. பெங்களூரின் மிதிக் சொசைட்டி 1909இல் தொடங்கிய அமைப்பு. நகரத்துக் கல்வெட்டுகளை 2021 முதல் முப்பரிமாணத்தில் பதிவு செய்து வருகிறது. உங்கள் கல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

"அப்படியென்றால் ஈரத் தாளைக் கல்லில் படியவிட்டு மை ஒற்றி எடுக்கும் மைப்படி எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இங்குள்ள கற்களில் பெரும்பாலானவை நைஸ் (gneiss) என்ற பாறை வகை. பரல் (கல்லின் மணி) பெரிது, வெட்டு ஆழமில்லை, திரையில் பரலும் எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். மைப்படியில் கல்லின் மேற்பரப்பு கறுக்கும், எழுத்தின் பள்ளம் வெள்ளையாக நிற்கும். தேய்ந்த எழுத்தைப் பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாட அதுபோல் வசதி எதிலும் இல்லை. ஆனால் உறுதியான கல்லில் மட்டும், அனுமதியோடு மட்டும். பொரிந்து உதிரும் கல்லிலும் எண்ணெய் ஊறிய கல்லிலும் வேண்டவே வேண்டாம்.

முறை இதுதான். மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை எழுத்துப் பரப்பைவிட நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, வடியவிடுங்கள். கல்லையும் நனையுங்கள். இரண்டு பேர் மேல் மூலைகளைப் பிடித்து மேலிருந்து கீழாகப் படியவிட வேண்டும். அடர்ந்த முடியுள்ள பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, செங்குத்தாகத் தட்டுங்கள். தேய்த்தால் தாள் சுருளும். காற்றுக் குமிழ் நின்றால் ஊசியால் குத்தாமல் பக்கத்து ஓரத்தைத் தூக்கி மறுபடி படியவிடுங்கள். ஆழமான எழுத்தில் தாள் கிழிந்தால் அதே தாளின் ஈரத்துண்டை மேலே வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு காத்திருப்பு; பெரும்பாலான படிகள் கெடுவது இந்த இடத்தில்தான். தாளின் மினுமினுப்பு போய், தொட்டால் குளிர்ச்சி தெரிந்து விரல் நனையாத பக்குவம் வேண்டும். அதற்கு முன் மை ஒற்றினால் பரவிக் கல்வரை இறங்கும். கல்லில் ஏறிய கறை பிறகு போகாது. அதற்குப் பின் என்றால் தாள் கல்லைவிட்டு எழும்பி எழுத்து இரட்டையாகும். விளக்குக்கரியும் கோந்தும் கலந்த மையைப் பஞ்சு அடைத்த துணிப் பந்தில் தொட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் நாலு முறை ஒற்றி, பிறகு தாளில் மெதுவாக ஒற்றுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒரு கனத்த பூச்சைவிட நல்லது. உலர்ந்ததும் மேல் மூலையிலிருந்து உரித்து, ஊர், பதிவெண், தேதி, மேல்பக்க அம்புக்குறி எல்லாவற்றையும் பின்னால் பென்சிலில் எழுதி, குழாயில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பு விழும் வரி போய்விடும்.

பதிவேட்டில் என்ன வேண்டும்? பதிவெண், ஊர், ஆயத்தொலைவுகள் (அட்சரேகை, தீர்க்கரேகை) ஐந்து தசம இடம் வரை, உயரம், அகலம், கனம், வரி எண்ணிக்கை, கல் நோக்கும் திசை, எழுத்து, மொழி, நிலம் யாருடையது, ஊரார் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கல்லின் வரலாற்றில் பாதி அந்தப் பெயரில்தான் இருக்கும். போன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் தள்ளிப் போகலாம் என்பதால், அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து டேப்பால் அளந்து எழுதுங்கள். மரம் அடையாளம் ஆகாது. மதகு, கோயில் மூலை போன்றவை ஆகும். தூக்கிச் செல்லக்கூடிய சிறு வீரக்கல்லின் துல்லியமான இடத்தை முகநூலில் போடாதீர்கள்.

லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிக்ராபியா கர்னாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்குரியது. கல்வெட்டு ஒவ்வொன்றும் "ஊருக்குத் தெற்கே வயலில்" என்ற மாதிரி இடக் குறிப்போடு இருக்கும். அந்த வயல் இப்போது லேஅவுட். தொகுதியில் உள்ளவற்றில் எவை இன்று இருக்கின்றன, எவை இல்லை என்று உங்கள் பகுதிக்கு மட்டும் ஒரு பட்டியல் எடுத்தாலே முதல் வருட வேலை நிறைவாக முடிந்துவிடும். அதில் இல்லாத கற்களும் வெளிப்படுகின்றன. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்து ஹெப்பாள் கித்தய்யா கல்வெட்டு 2018இல்தான் வெளியே வந்தது. அந்தப் பகுதி மக்களே அதற்கு மண்டபம் எழுப்பினார்கள்.

வாசிப்பில் அவசரம் வேண்டாம். பழைய தமிழ்க் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். வடசொற்கள் கிரந்தத்தில் வரும். "திருமன்னி வளர" என்று தொடங்கினால் முதலாம் இராஜேந்திரன். போசள (ஹொய்சள) மன்னர் வீர ராமநாத தேவர் என்று வந்தால் 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. சக ஆண்டு இருந்தால் 78 கூட்டுங்கள், பிறகு அறுபதாண்டுப் பெயரோடு ஒத்துப் பாருங்கள். கடைசி வரிகள் சிதைந்திருந்தாலும் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்ற தொடரின் துண்டு கண்ணில் பட்டால் சாபப் பகுதிக்கு வந்துவிட்டீர்கள், அதாவது அது கொடைக் கல்வெட்டு. பதிவேட்டில் "களத்தில் படித்தது", "சரிபார்த்தது" என்று இரண்டு கட்டம் தனித்தனியே வையுங்கள். இரண்டாவது கட்டத்தைக் கல்வெட்டு படித்தவர் ஒருவர் பார்த்த பின்னரே நிரப்ப வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கல் கிடைத்ததும் "பார், நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று வாட்ஸாப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே ஆட்கள் உண்டு. அப்படி ஒரு பதிவு போதும். மறுவாரம் அந்த ஊரில் எந்தக் கல்லின் பக்கத்திலும் நம்மை நிற்க விடமாட்டார்கள், சில இடங்களில் கல்லே காணாமல் போகும். போசள மன்னன் ஆட்சியில் தமிழில் வெட்டிய கல்லை இன்றைய மாநில எல்லையால் எப்படிப் பங்கு போடுவது? கோயில் கொடுத்தவரும், ஏரி வெட்டியவரும், மாடு மீட்கப் போய்ச் செத்தவரும் ஒரே மண்ணில் இருந்தவர்கள். வாசிப்பை முதலில் கன்னடத்தில் அச்சடித்து ஊராரிடம் கொடுங்கள். அவர்களே காவல் இருப்பார்கள்.

கர்நாடகத்தில் சங்கமாகப் பதிவு செய்ய 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். உங்களிடம் ஆள் இருக்கிறது. ஆனால் தலைவர், செயலாளர் பேச்சை ஒரு வருடம் தள்ளிவைத்து இருபது கற்களைப் பதிந்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

மைப்படிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்; அதுவரை அது காத்திருக்கலாம். அளவும் படமும் காத்திருக்கக் கூடாது. ஏரிக்கரையைப் பலப்படுத்தவோ நடைபாதை போடவோ டெண்டர் விட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஜேசிபி வந்தால் கல் கரைக்கு அடியில் நிரப்புக் கல்லாகப் போய்விடும். இந்த ஞாயிறே டேப்போடு போய் அளந்து, படமும் இடமும் சேர்த்து மாநிலத் தொல்லியல் துறைக்குக் கன்னடத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒன்று ஏரி வேலை பார்க்கும் பொறியாளர் கையிலும் இருக்கட்டும்.