அல்சருக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 42. வாடகை வேன் ஓட்டுகிறேன். வேளைக்குச் சாப்பிடாததால்தான் அல்சர் என்கிறார்கள் வீட்டில். எண்டோஸ்கோபி பார்த்த டாக்டரோ, கிருமி இருக்கிறது என்று 14 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார். நான்காம் நாளே வலி போய்விட்டது; வாயெல்லாம் தகரம் நக்கியது போல ஒரு கசப்பு. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கூடவே தந்திருக்கும் அமிலக் குறைப்பு மாத்திரைதான் உங்கள் வலியை அடக்கியிருக்கும். கிருமி இன்னும் உள்ளேதான் இருக்கும். பாதியில் விட்டால் மிஞ்சியது அந்த மருந்துக்கே அசையாமல் போகலாம். கசப்பு மருந்தின் குணம், முடிந்ததும் போய்விடும். உடம்பில் தடிப்போ முகவீக்கமோ வந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பாடம் எடுத்தவர்களே அமிலம், டென்ஷன், காரம் என்று படித்தவர்கள்தான். அவ்வளவு அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்பது அன்றைய வாதம். ஆனால் அல்சருக்குக் காரணமான இந்தக் கிருமி, பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் படாதபாடு பட்டார்கள். வழக்கமாக இரண்டு நாளில் கிருமி வளர்க்கும் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் அது இன்குபேட்டரிலேயே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! அப்போதும் நம்ப ஆளில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. (அல்சர் வரவில்லை. கதை சொல்பவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், எரிச்சல் குறையும். கிருமி அதனால் போகாது.

சரி, ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி ஒழிந்ததா என்று பாருங்கள். அதற்கு 2 வாரம் முன்பே அமில மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். நடுவில் ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் போலப் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம், நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவர் நீங்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை ஏதும் உண்டா? அல்சருக்கு இன்னொரு பெரிய காரணம் அதுதான். இருந்தால் உங்கள் டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டிவிடுங்கள்.