முதலில் மாமியாரிடம் போங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. மார்கழியில் பாட்டுப் போட்டி. பைரவி ராகத்தில், அட தாளத்தில் அமைந்த வர்ணம் என்ற உருப்படியைப் பாட வேண்டும். வீட்டில் பிசிறில்லாமல் பாடுகிறாள். போன போட்டியில் நடுவர் "சரணத்திலிருந்து எடும்மா" என்றதும் அப்படியே நின்றுவிட்டாள். இப்போது தினமும் கதவைச் சாத்தி, டீச்சர் பாடிய ரெக்கார்டிங்கோடு இரண்டு மணி நேரம் பாடவைக்கிறேன். விளக்கேற்றும் நேரத்தில் அவளோடு சேர்ந்து பாடும் என் மாமியாரின் பாடாந்தரம், அதாவது அவர் கற்றுக்கொண்ட பாட்டு முறை, வேறு என்பதால், போட்டி முடியும்வரை அவரைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடை பயம் போக என்ன வழி?
- ஒரு தாய், திருச்சி

பதில்: மேடை பயம் இருக்கட்டும். அந்த மாமியார் விஷயத்துக்கு வருவோம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பேத்தியோடு பாடிக்கொண்டிருந்த பெரியவரை, அவர் வீட்டிலேயே, வாயை மூடச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

போட்டிக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம்தான், சரி. "அத்தை, இந்த ஒரு வர்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றால் முடிந்தது. நீங்கள் மொத்தப் பாட்டையும் நிறுத்திவிட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கும்? மாற்றிப் பாடினால் பாட்டிக்கே இந்த வீட்டில் பாட இடமில்லை என்று. அப்புறம் நடுவர் முன்னால் நடுங்காமல் என்ன செய்வாள்?

இனி வர்ணம். ரெக்கார்டிங் எப்போதும் பல்லவியில்தான் தொடங்கும். அதோடு சேர்ந்தே பாடுகிறவளுக்கு நடுவில் எடுக்க வராது. அட தாளம் ஆதி தாளம் மாதிரி எட்டில் திரும்பிவிடாது, பதினான்கு அட்சரம். எண்ணிக்கையை ரெக்கார்டிங் பார்த்துக்கொள்ளும்போது குழந்தையின் கை சும்மா அசைகிறது, அவ்வளவுதான். போதாததற்குப் பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம் ('த' ஸ்வரம்), இறங்கும்போது இன்னொன்று. பதற்றத்தில் முதலில் நழுவுவது அதுதான்.

ரெக்கார்டிங்கை எடுத்து வையுங்கள். தம்பூரா ஸ்ருதி மட்டும் ஓடட்டும். அனுபல்லவி, அதை அடுத்து வரும் முக்தாயி ஸ்வரம், மூன்றாவது சரண ஸ்வரம் என்று எங்கிருந்து கேட்டாலும் அங்கிருந்து எடுக்கவேண்டும், இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும். பத்து வயதுத் தொண்டைக்கு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் அநியாயம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும்.

கதவைத் திறந்து வையுங்கள். மாலைச் சாதகத்தில் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், எதிரில் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே சும்மா உட்கார்ந்திருக்கிறார். போய் நீங்களே கேளுங்கள். குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள். முதலில் மன்னிப்பு, அப்புறம் தாளம். விளக்கு வைத்ததும் அவர் தன் பாடாந்தரத்தில் எதை வேண்டுமானாலும் பாடட்டும், பேத்தியும் கூடப் பாடட்டும்.

போட்டி அன்று அவரை முன் வரிசையில் உட்காரவையுங்கள். நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள்.